நூலகத்தில் ஒரு மாலை: இலவச எழுத்தாளர் சந்திப்பும் கச்சேரியும் நடத்துவதற்கு முழு வழிகாட்டி

பல்கலைக்கழக நூலகத்திலோ கல்லூரி நூலகத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கும், அங்கே நிகழ்ச்சி நடத்த முன்வரும் மாணவர்களுக்கும் எழுதியது இது. ஊரார் யாரும் டிக்கெட் இல்லாமல் வந்து உட்காரலாம். ஒரு எழுத்தாளர் பேசுவார், அல்லது ஒரு சிறு கச்சேரி நடக்கும். நாற்காலி போட்டு மைக் வைத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நான் முதன்முதலில் நடத்திய கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். கேட்டில் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். "லைப்ரரியில கூட்டம்னு போட்டிருந்ததே" என்றிருக்கிறார். "எங்களுக்குத் தகவல் இல்லீங்களே ஐயா" என்று பதில். திரும்பிப் போய்விட்டார். உள்ளே 80 நாற்காலிக்கு 30 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் கூட்டமே வரவில்லை என்று நாங்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் எந்த நிகழ்ச்சியையும் நான் கேட்டிலிருந்துதான் தொடங்குகிறேன். புதியவர்கள் எல்லோரும் எழுத்தாளருக்கு போன் போடுவதில் தொடங்குவார்கள். இங்கே அது ஐந்தாவது படி.

1. முதலில் கேட்

இலவசம் என்றால் எல்லோரும் வரலாம் என்று அர்த்தமில்லை. வளாகத்துக்குள் வெளியாள் நுழைய எழுத்தில் ஓர் அனுமதி வேண்டும். நூலகர் வழியாகப் பதிவாளருக்குக் கடிதம் கொடுங்கள். அதில் தேதி, நேரம், எந்த வாசல், ஏறக்குறைய எத்தனை பேர், "பொதுமக்கள் அடையாள அட்டை இன்றி அனுமதிக்கப்படலாம்" என்ற வரி ஆகிய ஐந்தும் இருக்கட்டும். கடைசி வரி இல்லாத அனுமதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அனுமதி வந்ததும் ஒரு நகலைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கேட்டில் இருப்பவருக்குக் கோப்பு தெரியாது. நகலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றை கேட் அறையின் சுவரிலேயே ஒட்டச் சொல்லுங்கள். காலை ஷிப்டில் இருப்பவரிடம் சொன்னது மாலை ஷிப்டுக்குப் போய்ச் சேராது. அன்று ஷிப்ட் மாறியதும் நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது வாசல் நூலகத்தினுடையது. பையை வெளியே வைக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், உறுப்பினர் அட்டை காட்ட வேண்டும் என்றெல்லாம் நமக்குப் பழகிப்போன விதிகள் புதிதாக வருபவரை மிரட்டும். அன்று மாலைக்கு மட்டும் தனி மேசை போட்டு, பெயரும் ஊரும் மட்டும் எழுதும் ஒரு நோட்டு வையுங்கள். போன் நம்பர் வேண்டும் என்றால் விருப்பமுள்ளவர்கள் மட்டும் எழுதட்டும். பைக்கு டோக்கன் கொடுப்பதானால் டோக்கன் போதுமா என்று எண்ணிப் பாருங்கள்.

கேட்டிலிருந்து அரங்கம் வரை ஒருமுறை நடந்து, எங்கெல்லாம் வழி பிரிகிறதோ அங்கெல்லாம் அம்புக்குறித் தாள் ஒட்டுங்கள். யாரையும் கேட்காமல் ஒருவர் வந்து உட்கார முடிந்தால் இந்தப் படி முடிந்தது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் எந்தப் பக்கம், லிப்ட் மாலையில் ஓடுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பல இடங்களில் லிப்டை 5 மணிக்கு நிறுத்திவிடுவார்கள்.

2. இடம்

வாசிப்புக் கூடமா, கருத்தரங்க அறையா? புத்தகங்களுக்கு நடுவில் நடத்தினால் வருபவருக்குப் பிடிக்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. கூடத்தைத்தான் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்பே அறிவிப்பு ஒட்டி, அவர்கள் உட்கார வேறு அறையைத் திறந்து வையுங்கள். கடைசி நேரத்தில் எழுப்பிவிட்டால் அந்தக் கோபம் அடுத்த நிகழ்ச்சிவரை நிற்கும், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் உடனே அடங்கினால் நல்லது. திரும்பித் திரும்பி வந்தால், புத்தக அலமாரிகள் நிறைந்த பக்கத்துக்குப் பேச்சாளரை மாற்றுங்கள். வரிசையாக நிற்கும் புத்தகங்கள் எதிரொலியைக் குறைக்கும். வெறும் சுவரும் கண்ணாடியும் கூட்டும். அப்புறம் மின்விசிறிகளைப் போட்டுவிட்டு ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பழைய விசிறி போடும் 'கடகட' மைக்கிலும் ஏறும்.

நாற்காலியை 60 மட்டும் போடுங்கள், 30ஐ ஓரமாக அடுக்கி வையுங்கள். வரவர எடுத்துப் போட்டால் கூடம் நிறைந்த மாதிரி இருக்கும். 150 போட்டு 60 பேர் வந்தால் பேசுபவருக்கே மனம் விட்டுப்போகும்.

3. தேதியும் நேரமும்

முதலில் செமஸ்டர் தேர்வு அட்டவணை, அடுத்தது காலண்டர். கனமான முகூர்த்த நாளில் கூட்டமும் வராது, மைக்செட்காரரும் கிடைக்கமாட்டார்.

தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. எல்லா நூலகங்களும் அந்த ஏழு நாட்களிலேயே எழுத்தாளர்களைக் கூப்பிடும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். உலகப் புத்தக நாளான ஏப்ரல் 23 பல கல்லூரிகளில் தேர்வுக் காலம். கச்சேரி என்றால் மார்கழியில் பாடகர்கள் சென்னை சபாக்களில் இருப்பார்கள். என்னைக் கேட்டால், விசேஷ நாளை விட்டுவிட்டு ஒரு சாதாரண ஆகஸ்ட் சனிக்கிழமையை எடுங்கள். 12ஆம் தேதி, இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டி நூலகர் நாள் என்று தலைப்பும் கிடைத்துவிடும்.

நேரத்தில் இரண்டு தரப்பும் இடிக்கும். மாணவர்கள் 4 மணிக்குக் கல்லூரி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். வேலைக்குப் போகும் ஊர்க்காரர் 5.30க்கு முன் வர முடியாது. பொது நிகழ்ச்சி என்று சொன்ன பிறகு ஊர்க்காரர் பக்கம்தான் சாய வேண்டும். விடுதி மாணவர்கள் எப்படியும் இருப்பார்கள். முடியும் நேரத்தைக் கடைசி டவுன் பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அது 8.15 என்றால் 7.30க்குக் கூட்டம் முடிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 7 மணிக்கே பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள், பேச்சாளர் தன் பேச்சு பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். பாடகர் வீட்டில் பார்ப்பார்கள். 4.15க்கோ 6 மணிக்கோ தொடங்குவதாக முதலிலேயே சொல்லிவிட்டால் பேச்சு வளராது.

ரயிலில் வருபவர் என்றால் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். எனவே தேதி அதற்கும் இரண்டு வாரம் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.

4. பணம்

கேட்பவர்களுக்குத்தான் இலவசம். எழுத்தாளருக்கும் கலைஞர்களுக்கும் பயணம், தங்குமிடம், சன்மானம் மூன்றும் உண்டு. "நம்ம யுனிவர்சிட்டிக்குத்தானே, சும்மா வருவார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தொகை சிறியதாக இருக்கலாம், தவறில்லை. எவ்வளவு என்று சொல்லாமல் வரவழைப்பதுதான் தவறு.

கோப்பை நிகழ்ச்சிக்கு முன்பே ஓட்டிவிடுங்கள். தொகைக்கு ஒப்புதல், முன்பணம், எந்தத் தலைப்பில் செலவு என்ற மூன்றும் முடிந்த பிறகே அழைப்பு. நடந்த பிறகு ஒப்புதல் கேட்டால் கணக்குப் பிரிவில் முதல் கேள்வியே "யாரைக் கேட்டு நடத்தினீங்க?" என்றுதான் வரும்.

வருபவரிடம் வாங்க வேண்டியவை: பான் அட்டை நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்க நகல், பயணச் சீட்டு. இவற்றை மேடையேறும் நேரத்தில் கேட்காதீர்கள். பத்து நாள் முன்பே வாட்ஸ்அப்பில் வாங்கிவிடலாம். கச்சேரியில் இன்னொரு விஷயம்: பக்கவாத்தியக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விவரம் வாங்குங்கள். மொத்தத் தொகையைப் பாடகர் பெயரில் போட்டால் வரிப்பிடித்தம் முழுக்க அவர் தலையில் விழும். மிருதங்கக்காரர் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்.

5. எழுத்தாளரை அழைப்பது

இப்போது போன் போடலாம். ஒரே அழைப்பில் ஆறு விஷயம் சொல்லுங்கள்: தேதி, எத்தனை நிமிடம், யார் கேட்க வருவார்கள், மேடையில் வேறு யார், சன்மானம் எவ்வளவு, எப்படித் திரும்பிப் போவார். அதையே அன்று மாலைக்குள் கடிதமாக அனுப்புங்கள்.

"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க ஐயா" என்பது மரியாதை போலத் தோன்றும். அவர் நூறு மேடையில் பேசியதையே பேசிவிட்டுப் போவார். அவருடைய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதில் ஒரு கதை. "இந்தக் கதையைப் பற்றி எங்கள் வாசகர்கள் உங்களிடம் பேச விரும்புகிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

சொன்னால் செய்யவும் வேண்டும். மூன்று வாரம் முன்பே அந்தப் புத்தகத்தில் ஐந்தாறு பிரதிகள் வாங்கி, நுழைவாயில் அருகே தனித் தட்டில் வையுங்கள். வீட்டுக்குக் கொடுப்பதை ஒரு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அடுத்தவருக்குக் கிடைக்காது. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் ஒரு மாலை, பத்துப் பேர் உட்கார்ந்து அந்தக் கதையை வாய்விட்டுப் படியுங்கள். கூட்டத்தில் நல்ல கேள்வி கேட்பவர்கள் இந்தப் பத்துப் பேரிலிருந்துதான் வருவார்கள்.

6. அழைப்பிதழும் மேடை நேரமும்

நம் ஊரில் கூட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை நால்வர், அறிமுகவுரை, சிறப்புரை, நன்றியுரை என்று போட்டால், சிறப்புரைக்கு மைக் வரும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும். 90 நிமிட நிகழ்ச்சிக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: வரவேற்பும் அறிமுகமும் சேர்த்து 8 நிமிடம், பேச்சு 40, கேள்வி 30, நன்றி 2. மீதி பத்து நிமிடம் எப்படியும் கரையும்.

பெரியவர்களை விட்டுவிடவும் முடியாது. பெயரை அழைப்பிதழில் போடுங்கள், முன்வரிசையில் உட்கார வையுங்கள், புத்தகத்தை வெளியிடவோ நினைவுப்பரிசு கொடுக்கவோ சொல்லுங்கள். மைக் இல்லாமலும் மரியாதை செய்யலாம். இதை நூலகரிடம் முன்பே பேசி முடித்துவிட வேண்டும், மேடையில் முடியாது. தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. யாராவது மாணவியைப் பாடச் சொல்லிப் பழக்கி வையுங்கள். அந்த நேரத்தில் போனில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெயரின் முதலெழுத்தையும் சம்பந்தப்பட்டவரிடமே சரிபாருங்கள். ஒருமுறை தலைமை தாங்குபவரின் முதலெழுத்தைத் தவறாகப் போட்டு, 200 அழைப்பிதழிலும் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டினோம்.

வெளியாளுக்கு வேண்டியது வேறு: எந்த பஸ் நிறுத்தம், எந்த கேட், அனுமதி இலவசம், முன்பதிவு தேவையில்லை, எத்தனை மணிக்கு முடியும். இந்த வரிகளைப் படத்தில் மட்டும் வைக்காமல் எழுத்தாகவும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மற்றவர்களுக்கு அனுப்ப வசதி. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்களின் வாசகர் வட்டம், பக்கத்துப் பள்ளிகள், கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடை ஆகிய நான்கு இடத்தில் தாள் ஒட்டினால் போதும். டீக்கடையைச் சும்மா சொல்லவில்லை. வழி கேட்பவர்கள் அங்கேதான் கேட்பார்கள்.

7. கச்சேரி என்றால்

பேச்சுக்கு ஒரு மைக், கேள்விக்கு ஒரு மைக், அவ்வளவுதான். கச்சேரி வேறு உலகம். நூலகத்துக்குப் பெரிய குழு வேண்டாம். குரல், வயலின், மிருதங்கம், வேண்டுமானால் ஒரு கடமோ கஞ்சிராவோ. ஒன்றே கால் மணி நேரம்.

மேடை ஒரு அடி, ஒன்றரை அடி உயரம் போதும். மூன்று நான்கு பேர் சம்மணமிட்டு உட்காரும் அகலம் வேண்டும். மேலே ஜமக்காளம், அதன்மேல் சுத்தமான வெள்ளை விரிப்பு. பலகைகளை ஏறி மிதித்துப் பாருங்கள். ஒன்று ஆடினாலும் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் மைக் ஸ்டாண்டு குலுங்கும்.

மைக் கணக்கு: குரலுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்துக்கு 2 (சிறிய முகமான வலந்தலைக்கு ஒன்று, பெரிய முகமான தொப்பிக்கு ஒன்று), கடம் இருந்தால் 1. இவற்றோடு பாடுபவர் தன் குரலையும் சுருதியையும் கேட்க மேடையில் அவரை நோக்கி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். புதியவர்கள் இதைத்தான் செலவென்று வெட்டுவார்கள். அது இல்லாவிட்டால் பாடகர் தன் குரல் கேட்காமல் கத்திப் பாடுவார், அரை மணியில் தொண்டை கட்டும். கண்டென்சர் மைக் வைத்தால், அதற்கு மின்சாரம் கொடுக்க மிக்ஸரில் (மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவியில்) 48 வோல்ட் வசதி இருக்கிறதா என்று மைக்செட்காரரைக் கேளுங்கள்.

மைக்செட்காரர் பெரும்பாலும் கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் போடுபவராகத்தான் இருப்பார். நல்ல வேலைக்காரர், ஆனால் பழக்கத்தில் எக்கோவைத் திருகி வைப்பார். "எக்கோ வேண்டாம்ண்ணே, வால்யூமும் பாதி போதும்" என்று சாயங்காலம் கூட்டம் வருமுன் சொல்லிவிடுங்கள். நூறு பேர் உட்காரும் கூடத்துக்கு இரண்டு சின்ன ஸ்பீக்கர் தாராளம்.

ஒலிச் சோதனைக்குக் கலைஞர்களை ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லுங்கள். ஏசி இருந்தால் அதற்கும் முன்பே போட்டுவிடுங்கள். தோல் வாத்தியம் குளிருக்கும் ஈரத்துக்கும் சுருதி மாறும். சேர்த்து முடித்த பிறகு ஏசி போட்டால் மறுபடி முதலிலிருந்து. மிருதங்கக்காரர் தொப்பியில் ரவை பூசுவார். ஒரு கிண்ணம் தண்ணீர், கை துடைக்கத் துணி, கீழே விரிக்க ஒரு செய்தித்தாள் கொடுங்கள். புத்தகத் தட்டு கையெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. ரவை பட்ட அட்டையை எறும்பு தேடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவரா என்றும் முன்பே விசாரியுங்கள். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அவரும் வயலின்காரரும் பக்கம் மாறி உட்காருவார்கள், மைக்கும் மாறும்.

பாட்டுப் பட்டியலை முன்பே வாங்குங்கள். இந்தியாவில் ஒருவர் இறந்து 60 ஆண்டுவரை பதிப்புரிமை உண்டு. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. பாரதி பாடல்கள் 1949லேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. சினிமாப் பாட்டோ இன்றைய ஒருவரின் பாட்டோ இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாகக் காணொளியாக வலையேற்றும் எண்ணம் இருந்தால்.

கூடத்துக்குள் நடத்துவதே நல்லது. முற்றத்தில் ஒலிபெருக்கி வைத்தால் காவல்துறையிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக வைக்க இடம் இருக்கிறது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடவே கூடாது.

8. அன்று மாலை

ஐந்து பேர் போதும், ஆளுக்கு ஒரு வேலை. கேட்டில் ஒருவர், நோட்டு மேசையில் ஒருவர், மைக்செட்காரரோடு ஒருவர், விருந்தினரோடு ஒருவர், கையில் வேலை எதுவும் இல்லாமல் ஒருவர். அந்த ஐந்தாவது ஆளைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். தண்ணீர் கேன் தீரும்போதும், கரண்ட் போகும்போதும் ஓட அவர்தான் இருப்பார். "எல்லாரும் எல்லாம் பார்த்துக்கலாம்" என்று விட்ட கூட்டத்தில் பேச்சாளரை ரயில் நிலையத்தில் கூப்பிட யாருமே போகவில்லை. அது நான் இருந்த குழுதான்.

டீயும் சுண்டலும் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசியில் என்றால் கேள்வி நேரத்தில் கண்ணெல்லாம் வாசல் பக்கம் இருக்கும். எச்சில் கையோடு புத்தகம் எடுப்பார்கள் என்பதால் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி நேரத்துக்கு ஒரு விதி: மைக் தன்னார்வலரின் கையிலேயே இருக்க வேண்டும். கேட்பவர் வாய்க்கு நேரே பிடிக்கலாம், கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் "ஒரே ஒரு கேள்வி" என்று எழுபவர் தன் பணிக்கால அனுபவம் முழுவதையும் சொல்லிவிட்டு, கேள்வி கேட்க மறந்து உட்காருவார். எழுந்து பேசக் கூச்சப்படுபவர்களுக்கு நாற்காலியிலேயே துண்டுத்தாளும் பென்சிலும் வையுங்கள். எழுதி வருபவற்றில்தான் நல்ல கேள்விகள் அதிகம். முதல் கேள்வியை, முந்தைய வாரம் கதையைப் படித்த பத்துப் பேரில் ஒருவரிடம் சொல்லி வைத்திருங்கள். யாரும் கை தூக்காத அந்த முதல் அரை நிமிடம்தான் கஷ்டம்.

புத்தகம் விற்பதானால் வளாகத்தில் விற்பனைக்குத் தனி அனுமதி வேண்டும். உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரரை வரச் சொல்லுங்கள், பணத்தை நீங்கள் தொடாதீர்கள். கையெழுத்து வரிசையில் நிற்பவர்கள் தங்கள் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் "சின்ன ல-வா, பெரிய ள-வா" என்று எழுத்தாளர் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டியிருக்காது.

9. மறுநாள் காலை

நூலகம் திறக்கும் முன் மேசை நாற்காலிகள் பழைய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். முந்தின நாள் மதியமே போனில் படம் எடுத்து வைத்தால், எந்த மேசை எங்கே என்று தேட வேண்டாம்.

பில்களை அன்றே கணக்குப் பிரிவில் கொடுங்கள். ஒரு வாரம் விட்டால் மைக்செட் ரசீது எங்கேயோ போயிருக்கும். சன்மானம் வங்கியில் ஏறும்வரை நீங்கள்தான் பின்தொடர வேண்டும். எழுத்தாளர் கேட்கமாட்டார், ஆனால் அடுத்த முறை வரவும்மாட்டார்.

ஒலிப்பதிவு செய்திருந்தால், மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த பிரதியைப் பேசியவருக்கு அனுப்பி, நூலகத்தில் வைக்கலாமா, வலையேற்றலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதில் வந்ததும் தேதி, பெயர், தலைப்பு போட்டுப் பட்டியலில் ஏற்றுங்கள். "நியூ ஆடியோ 3" என்ற பெயரில் ஒரு பென்டிரைவில் கிடக்கும் பேச்சை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கடைசியாக கேட் அறைக்குப் போய், சுவரில் ஒட்டிய அனுமதிக் கடிதத்தை எடுத்துவிடுங்கள். பழைய தேதியோடு அது அங்கேயே இருந்தால், அடுத்த முறை நீங்கள் ஒட்டும் கடிதத்தையும் யாரும் படிக்கமாட்டார்கள்.